பந்து, கூடை, ஜேர்சி: 15 வயதுப் பிள்ளைக்கு எந்த வாழ்த்து அட்டை?

மார்கழியில் என் மருமகனுக்கு 15 முடிகிறது. பின்னேரமானால் கூடைப்பந்து, லீவு நாளில் ஒழுங்கைக்குள் மென்பந்து கிரிக்கெட் என்று திரிகிற பிள்ளை. பலூனும் கேக்கும் போட்ட அட்டையைக் கொடுத்தால் கூட்டாளிமாருக்குக் காட்டவே கூச்சப்படுவான். அதனால் ஏ4 அளவு பிரிஸ்டல் போர்ட்டில் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

முதலில் கிரிக்கெட் பந்து. சிவப்பு போர்ட்டை இரண்டாக மடித்து, 14 செ.மீ. அகலத்தில் வட்டம் போட்டேன். வட்டத்தின் இடது ஓரம் மடிப்பைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும். அந்த இடத்தை வெட்டாமல் விட்டால்தான் இரண்டு வட்டமும் பிரியாது. உண்மையான பந்தில் தையல் ஆறு வரிசை. அட்டைக்கு நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை போதும். அரை செ.மீ. இடைவெளியில் ஊசியால் துளை போட்டுவிட்டு, அப்புறம் வெள்ளை நூலைக் கோர்க்க வேண்டும். தைத்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். விரலுக்கு அந்த மேடு அப்படியே பந்தின் மேடுதான்! பாடசாலை அணியில் கடினப்பந்து ஆடுகிற பிள்ளையென்றால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள். ஒழுங்கையில் மென்பந்து மட்டும் அடிக்கிறவனுக்கு இது அவனுடைய பந்து இல்லை.

அடுத்தது, திறந்தால் எழுந்து நிற்கிற கூடை. புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் இருக்கிற ஊர் மட்டக்களப்பு. இங்கே கூடைப்பந்தைத் தவிர்க்கவும் மனம் வரவில்லை. மடிப்பில் 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு வெட்டி, நடுத்துண்டை உள்ளே தள்ளி, அதன் முகத்தில் கூடைப் பலகையை ஒட்ட வேண்டும். பலகை 10 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் அட்டையை மூடும்போது தலை வெளியே நீட்டும். பார்க்க அழகுதான். ஆனால் மாரி காலத்து ஈரத்தில் கம் காயவில்லை. நாலு தரம் திறந்து மூட, பலகை சரிந்துவிட்டது. தம்பி தங்கைமார் உள்ள வீட்டில் இது ஒரு நாள் தாங்காது.

கடைசியாக ஜேர்சி. மூன்றிலும் லேசானது இதுதான், எனக்கு மனம் நிறைந்ததும் இதுதான். மடிப்பு மேலே, தோள் பக்கம் வரவேண்டும். மை முடிந்த பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் மடிப்பு வெடிக்காது. கழுத்தையும் கைப்பக்கத்தையும் வளைத்து வெட்டி, அணியின் நிறத்தில் ஓரப்பட்டி ஒட்டி, முன்னால் அவன் போடுகிற இலக்கத்தைப் பெரிதாக வைத்தேன். மற்ற இரண்டும் விளையாட்டைக் காட்டுகின்றன, இது அவனையே காட்டுகிறது. அந்த வயதுப் பிள்ளை எதிர்பார்ப்பதும் அதைத்தானே. பின்பக்கம் பெயர். உள்ளே இரண்டே வரி எழுதினேன். புத்திமதி எதுவும் எழுதவில்லை.

வெட்டுவதற்கு முன் இலக்கத்தைத் தாயிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன வருட இலக்கத்தை ஒட்டிவிட்டு, பிறகு உரித்து மாற்ற வேண்டி வந்தது.