63 சதவீதத்தில் நிற்கும் பேக்கப்: என் போர்ட்டபிள் டிஸ்க்கோடு மூன்று வருடம்

பெரியபட்டினத்தில் இருக்கும் நண்பன் நேற்று சாயங்காலம் போன் செய்தான். "மச்சான், நீ வச்சிருக்கியே அந்த 2 டிபி டிஸ்க், ஆஃபர்ல விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" கேட்ட நேரம் சரியில்லை. மதியம்தான் என் பேக்கப் மறுபடியும் 63 சதவீதத்தில் நின்று போயிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். நிதானமாக எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்குமோ தெரியாது.

நான் கீழக்கரையில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் எனக்குப் போதாது. யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ மாறும் டெம்ப்ளேட்டுகள், கலர் செட்டிங்குகள் என்று கம்ப்யூட்டரே ஒரு பெட்டிக்கடை மாதிரி அடுக்கி வைத்தது. அது படுத்தால் மறுபடி அடுக்க ஒரு வாரம் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, சி டிரைவை அப்படியே இமேஜாக, அதாவது விண்டோஸ், செட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே அச்சுப் பிரதியாக எடுக்கச் சொல்லி ஓடவிட்டுப் போவேன். திரும்பி வந்து சாப்பிட உட்காரும்போது முடிந்திருக்கும். முடிந்திருக்க வேண்டும்.

முதல் வருடத்தில் வந்த தகராறுக்கு டிஸ்க் பொறுப்பில்லை. அப்போது விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் கருவியைத்தான் பயன்படுத்தினேன். "இடம் போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். 2 டிபியில் முக்கால்வாசி காலி, இடம் எங்கே போதவில்லை என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். அது சொன்ன இடம் வேறு. கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்ணில் படாத சின்ன ரெகவரி பகுதி ஒன்று இருக்கிறது. அந்த மாதிரிப் பகுதி 500 எம்பிக்குக் குறைவாக இருந்தால் 50 எம்பியாவது காலியாக இருக்க வேண்டுமாம், பெரிதாக இருந்தால் 320 எம்பி. அதைப் பெரிதாக்கியதும் சரியாகிவிட்டது. அந்தக் கருவியை 2017இலேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேறொரு இலவச மென்பொருளுக்கு மாறிக்கொண்டேன்.

நிஜமான தலைவலி இரண்டாவது வருடம் ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கும்போது ஆரம்பித்தது. ஒரு வாரம் 40 சதவீதத்தில் நிற்கும், அடுத்த வாரம் 80. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "டிஸ்க் போச்சுண்ணே, புதுசு வாங்கிருங்க" என்றார்கள். நம்பிவிடத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தால் 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் சுத்தமாகப் பூஜ்யம். கெட்டுப்போய் ஒதுக்கி வைத்த செக்டரும் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டம்) இல்லை, சந்தேகத்தில் நிற்கும் செக்டரும் இல்லை. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினேன், அதிலும் குறை இல்லை. பிறகு விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், பேக்கப் நின்ற அதே நிமிடத்தில் 157 என்று ஒரு பதிவு: டிஸ்க் திடீரெனப் பிடுங்கப்பட்டது.

யார் பிடுங்கியது? வீட்டில் அந்த நேரத்தில் இருந்தது என் மகள்தான். கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன். "வாப்பா, நான் அந்த ரூம் பக்கமே போகல" என்று கண் கலங்கிவிட்டாள். அடுத்த வெள்ளி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். வந்து பார்த்தால் அதே 157.

அன்றைக்குத்தான் கேபிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இந்த டிஸ்க்கில் இருப்பது மைக்ரோ பி சாக்கெட், தட்டையாக அகலமாக, இரண்டு துண்டை ஒட்டவைத்த மாதிரி. பக்கத்துக்கு ஐந்து தகடு. அதில் ஒரு பக்கத்து ஓரத்தில் பாசி பிடித்தது போல் பச்சை. உப்புக் காற்றின் வேலை. கடலிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஃபேன் ஸ்குரூவும் ஜன்னல் கொண்டியும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். என் ஐந்து தகடு எம்மாத்திரம்.

சாக்கெட்டில் யூஎஸ்பி 3 வேகத்துக்கென்று கூடுதலாக வைத்த பக்கம் சரியாகத் தொடாவிட்டால் டிஸ்க் பழைய யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிவிடும். முக்கால் மணி நேரத்தில் முடியும் இமேஜ் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் பச்சை பிடிக்கிறது என்று இப்போது நானே தெரிந்துகொள்வேன். மூன்று வருடத்தில் மூன்று கேபிள் மாற்றியாயிற்று. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைக்கிறேன். கேபினெட்டின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகுகிறேன். வேலை முடிந்ததும் டிஸ்க், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு, இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடும். கேபிளைப் பற்றி எனக்குக் கோபமில்லை, அது இருநூறு ரூபாய். சாக்கெட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். கவரைப் பிரித்து உள்ளே இருப்பதை வேறு பெட்டியில் மாட்டலாம் என்றால் வழியில்லை. சாக்கெட் போனால் நல்ல டிஸ்க்கும் சேர்ந்து போகும். விலையில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள் ஒரு வருடம் கடற்கரையில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில், மழையும் கரண்ட் கட்டுமாக இருந்த ஒரு ராத்திரி, கம்ப்யூட்டருக்குள் சி டிரைவ் இருக்கும் எஸ்எஸ்டி மூச்சை விட்டுவிட்டது. காலையில் நிக்காஹ் ஆல்பம் ஒன்று பிரின்டுக்குப் போக வேண்டும். கைவசம் இருந்த இன்னொரு எஸ்எஸ்டியை மாட்டி, பேக்கப் மென்பொருளை ஏற்றி வைத்திருந்த ரெஸ்க்யூ பென்டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, இந்த டிஸ்க்கிலிருந்து இமேஜை இறக்கினேன். ஒரு மணி நேரம். திரை திறந்தபோது வால்பேப்பர் முதல் எழுத்துரு வரை அப்படியே இருந்தது. நான் மூடாமல் விட்ட நோட்பேடு குறிப்பு கூட. மனைவி டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்ன சிரிப்பு தனியா?" என்றாள். இரண்டு தடவை மேஜையிலிருந்து விழுந்த டிஸ்க் அது.

ஒன்று மட்டும் மறக்காதே மச்சான். "முடிந்தது" என்று வந்தாலும், எடுத்த இமேஜ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வெரிஃபையை ஓட்டு. என் மென்பொருளில் அது தானாக ஓடாது, ஒரு டிக் போட வேண்டும். மாற்றங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் இன்க்ரிமென்டல் முறையையும் நான் விட்டுவிட்டேன். நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் எடுத்தது எல்லாம் வீண். இடம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான்.

மற்றபடி, நீ கேட்டதற்குப் பதில்: வாங்காதே. ஆஃபர் இன்னும் இறங்கினாலும் வாங்காதே. சி வகை சாக்கெட் போட்டது எதுவாக இருந்தாலும் பார். அதுவரை என்னுடையதைக் கடன் கேட்கலாம் என்று நினைத்தால், அதையும் தர மாட்டேன்.