'இமயமலை கோஜி' ஜூஸ் விற்க வருகிறார்கள், உஷார்

வீட்டில் யாராவது ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என் அம்மாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லாததால் பல வருடமாக வார்ஃபரின். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலில் பழக்கமான ஒரு பெண்மணி, நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தின் ஜூஸ் பாட்டில்களை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொன்றும் அறுபது வெள்ளிக்கு மேல். "ஆன்ட்டி, சர்க்கரை இறங்கும், கண் தெளியும், புற்றுநோய் கிட்டவே வராது. சீனாவில் ஒரு தாத்தா இதைச் சாப்பிட்டே 256 வயசு வரைக்கும் இருந்தார்." மாத்திரை எடுக்கிறேனே என்று அம்மா கேட்டதற்கு, "பழம்தானே, ஒன்றும் செய்யாது" என்று பதில்.

கொஞ்ச நாளில் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். முழங்கையை எங்கோ லேசாக இடித்துக்கொண்டதற்கே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு ஐஎன்ஆர். அம்மாவுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அது, 5-ஐத் தாண்டியிருந்தது. புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கிளினிக்கில் துருவிக் கேட்ட பிறகுதான் பாட்டில் கதை வெளியே வந்தது. கோஜி சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடும். இப்படி ரத்தக் கசிவோடு வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் முன்பே எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் பாட்டிலைப் பார்த்தேன். முன்னால் பனிமலையும் ஒரு மடாலயமும். பின்னால் பொடி எழுத்தில் ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு, அதற்குப் பிறகுதான் கோஜி. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். இதைக் குடித்துச் சர்க்கரை இறங்குமாம்!

கடைக்கு வரும் கோஜியில் பெரும்பகுதி வடமேற்குச் சீனாவில், மஞ்சள் ஆறு பாயும் நிங்சியா வயல்களில் விளைகிறது. இமயமலை எங்கே, நிங்சியா எங்கே! கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடி இது. சீனர்கள் காலங்காலமாகக் கஞ்சியிலும் சாமந்தி டீயிலும் போடுகிறார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கோழி சூப்பில் ஒரு பிடி போடுவார், ருசியாகவே இருக்கும். கண்ணுக்கு நல்லது என்பதிலும் கொஞ்சம் விஷயம் உண்டு. விழித்திரையில் இருக்கும் ஸியாசாந்தின் நிறமி இந்தப் பழத்தில் நிறைய. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. 256 வயதுத் தாத்தா என்பது 1933-இல் இறந்த லீ சிங்-யுன். அந்த வயதை நம்புவதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நோய் தீரும் என்று சொல்லி விற்றதற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இலேயே கோஜி ஜூஸ் விற்பனையாளர்களை எச்சரித்திருக்கிறது.

திறக்காத பாட்டில்களுக்காவது பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றவர், அன்றைக்கே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது ஐஎன்ஆர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வார்ஃபரின் எடுப்பவர்கள் ஜூஸ் மட்டுமல்ல, உலர்ந்த பழம், டீ, சூப் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.