பார்படோஸில் எந்தக் கரை: கிரேன், பாத்ஷீபா, கார்லைல் விரிகுடா

பார்படோஸ் சின்னத் தீவு. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. எங்கே தங்கினாலும் எந்தக் கடற்கரையும் பக்கம்தானே என்று, ஜூன் மாதத்தில் பத்து நாள் போன நாங்கள் தினம் ஒரு கரை பார்ப்பதாகத் திட்டம் போட்டிருந்தோம். நான்காம் நாளே அதைக் கைவிட்டோம். மிச்ச நாட்களில் பெரும்பாலும் கார்லைல் விரிகுடாவில்தான் கிடந்தோம். அடுத்த முறை போனாலும் அங்கேதான் போவேன். ஏன் என்று சொல்கிறேன்.

மணல், தண்ணீரின் நிறம் இதையெல்லாம் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாக் கரையும் அழகுதான். எல்லாமே பொதுக் கரைகள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கரை காற்றுக்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா. இங்கே வருடம் முழுக்கக் காற்று கிழக்கிலிருந்துதான் வீசும். கிழக்குக் கரையில் அட்லாண்டிக் நேராக வந்து மோதும். மேற்குக் கரை தீவின் மறைவில் இருப்பதால் கடல் பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும்.

அலை மட்டும் என்றால் சமாளிக்கலாம். கூடவே சர்காசமும் வருகிறது. நடுக்கடலில் மிதந்தே வளரும் பழுப்புநிறக் கடற்பாசி அது. 2011 முதல் கரீபியன் கரைகளில் மலைபோல ஒதுங்க ஆரம்பித்தது. வசந்தத்திலும் கோடையிலும்தான் அதிகம். காற்று தள்ளிக்கொண்டு வருவதால் முதலில் சிக்குவது கிழக்கும் தென்கிழக்கும்.

இரண்டாம் நாள் கிரேன் போனோம். தென்கிழக்கில், பாறைக்குக் கீழே லேசான ரோஜா நிறம் கலந்த மணல். படங்களில் பார்த்து மனைவி ஆசைப்பட்ட இடம். மேலிருந்து பார்த்தபோதே தண்ணீர் ஓரம் பழுப்பாகத் தெரிந்தது. இறங்கிப் போனால் முழங்கால் உயரத்துக்குப் பாசி வரப்புக் கட்டியிருந்தது. மகள் ஒரு கொத்தைக் கையில் எடுத்தாள். மிளகு அளவில் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள், அழுத்தினால் பட்டென்று வெடிக்கும். அது புதுசு. அடியில் கிடந்த பழசோ அழுகி, முட்டை அழுகிய நாற்றம். அன்று யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. பாசி இல்லாத நாளில் கிரேன் அருமையான கரையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாள் எது என்று ஊரிலிருந்து கிளம்பும்போது உங்களுக்குத் தெரியாதே.

கிழக்குக் கரையில் இருக்கும் பாத்ஷீபாவுக்கு நீந்தப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். காளான் மாதிரி அடி அரிக்கப்பட்ட பெரிய பாறைகள், சூப் பவுல் என்ற இடத்தில் அலைச்சறுக்குக்காரர்கள். நீரோட்டம் பொல்லாதது. கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் உட்காரலாம், அவ்வளவுதான். அரை நாள் போதும்.

இனி கார்லைல். தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டியே, தென்மேற்கு மூலையில் வளைந்து கிடக்கும் விரிகுடா. நாங்கள் இருந்த அத்தனை நாளும் ஒரு கொத்துப் பாசிகூடக் காலில் படவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றாலும் பாதம் தெரிகிறது. கொஞ்ச தூரம் நீந்தினால் 1919-ல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகு கீழே கிடக்கிறது. ஆழம் குறைவு என்பதால் முகமூடியும் குழாயும் இருந்தால் போதும். கடல் ஆமைகளும் வரும். என் பக்கத்தில் ஒன்று தலையைத் தூக்கி, புஸ் என்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி இறங்கியது. தொடாதீர்கள், தீனி போடாதீர்கள். விடியற்காலையில் இதே விரிகுடாவின் பெபிள்ஸ் கரைப் பக்கம் போனால் பந்தயக் குதிரைகளைக் கடலில் குளிப்பாட்டுவார்கள். மகள் அதற்காகவே அலாரம் இல்லாமல் எழுந்தாள்.

குறையும் உண்டு. பயணக் கப்பல் வந்து நிற்கும் நாளில் கூட்டமும் பாட்டுச் சத்தமும் தாங்காது. அந்த நாட்களில் காலை ஒன்பதுக்குள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

மேற்கே பேய்ன்ஸ் பே கடலும் இதே அமைதிதான். ஆனால் மணல் குறுகலாக இருக்கிறது, சாப்பாடு விலை அதிகம். அங்கே மான்சினீல் மரமும் கவனம். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும், அது விஷம். மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது. பல மரங்களில் எச்சரிக்கையாகச் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். தெற்கே அக்ரா என்ற கரையில் அலை நடுத்தரம். மிதப்புப் பலகையில் அலையேறும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் கார்லைலைவிட அதுதான் சரி.

நான் சொல்வதெல்லாம் ஜூன் அனுபவம். டிசம்பர் முதல் மார்ச் வரை நான் அங்கே இருந்ததில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பேரலை சில நாள் மேற்குக் கரையையும் கலக்கிவிடும் என்று நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் சொன்னார்.

கார் எடுக்கத் தேவையில்லை. பேருந்தில் எங்கே இறங்கினாலும் மூன்றரை பார்படோஸ் டாலர், அமெரிக்கக் காசில் ஒன்றே முக்கால். காலையில் பிரிட்ஜ்டவுனிலிருந்து பாத்ஷீபாவுக்கு ஏறுங்கள், மதியம் திரும்புங்கள், நாலு மணிக்குக் கார்லைலில் இறங்கிவிடுங்கள். ஜூனில் சூரியன் ஆறரை வாக்கில் நேர் எதிரே கடலில் இறங்கும். அதுவரை தண்ணீரிலேயே இருக்கலாம்.