எரா5 ரிவ்யூ: 1940ல இருந்து மணிக்கு மணி வானிலை டேட்டா, எதுக்கு நம்பலாம் எதுக்கு நம்பக்கூடாது

மழை, வெயில், காத்து பத்தி ஏதாவது ப்ராஜெக்ட் பண்றேன், டேட்டா எங்க கிடைக்கும்னு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது எரா5 தான். ஐரோப்பாவோட காப்பர்நிக்கஸ்ங்குற பூமி கண்காணிப்புத் திட்டத்துக்காக இசிஎம்டபிள்யூஎஃப்ங்குற வானிலை மையம் தயாரிச்சு வெளியிடுறது. ஆபீஸ் இங்கிலாந்துல ரெடிங்ல, டேட்டா சென்டர் இத்தாலில பொலோன்யால. 1940 ஜனவரில ஆரம்பிச்சு அஞ்சு நாள் முன்னாடி வரைக்கும், மணிக்கு ஒரு தடவை, கடல் மலை பாலைவனம்னு பூமி மொத்தத்துக்கும் வெப்பநிலை, காத்து, அழுத்தம், ஈரப்பதம், மழை, மண் ஈரம், சூரிய ஒளி எல்லாம் கிடைக்கும். ஒரு பைசா கிடையாது, ஒரு அக்கவுண்ட் இருந்தா போதும். பெரிய யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளருக்கு என்ன ஃபைல் கிடைக்குதோ அதே ஃபைல்தான் தூத்துக்குடில உக்காந்து பிஎஸ்சி ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைக்கும் கிடைக்குது, இது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்.

ஆனா நிறைய பேர் இதை அளந்து எடுத்த டேட்டானு நெனச்சுக்கிட்டு யூஸ் பண்றாங்க, சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. இது ரீஅனாலிசிஸ். அதாவது 2016ல ஓடிக்கிட்டிருந்த ஒரு வானிலை மாடலை அப்படியே மாத்தாம வச்சுக்கிட்டு, பழைய காலத்துல இருந்து திரும்ப ஓட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்த நேரத்துல உலகம் பூரா கிடைச்ச அளவுகளை, ஸ்டேஷன் கப்பல் பலூன் விமானம் சாட்டிலைட் எல்லாத்தையும், உள்ள கொடுத்து மாடலை நிஜத்துக்குப் பக்கத்துல இழுத்துட்டு வர்றாங்க. மாடலை ஏன் மாத்தாம வைக்கணும்னா நடுவுல மாத்துனா அதுல வர்ற குதிப்பு பருவநிலை மாற்றம் மாதிரியே தெரியும், எது நிஜம் எது மாடல்னு பிரிக்க முடியாது. அளவுகள் நிறைய இருக்குற இடத்துல நம்பர் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கும், இல்லாத இடத்துல மாடலோட இயற்பியல்தான் இடத்தை நிரப்புது. எப்பவும் டேட்டா இருக்கும், ஓட்டையே இருக்காது, அதுவே கொஞ்சம் ஏமாத்தும்.

வருஷத்துக்கு வருஷம் இந்த நிலைமை எப்படி மாறுதுன்னும் பாக்கணும். 1940ல ஒரு நாளைக்கு உள்ள போன அளவுகள் சுமார் 17,000. சாட்டிலைட் வந்த பிறகு, 1979ல ஏழரை லட்சம். 2018 கடைசில கிட்டத்தட்ட 2.4 கோடி. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்ச புயலையும் இதுல திறந்து பாக்கலாம், 2018 கஜா புயலையும் பாக்கலாம், மேப் ரெண்டும் ஒரே அழகுல வரும், ஆனா பின்னால இருக்குற ஆதாரம் ஒண்ணா? 1964க்கு வங்கக்கடல் மேல என்ன அளவு இருந்திருக்கும், அந்தப் பக்கம் போன கப்பல் சொன்னதுதான். அதனால 1940ல இருந்து ஒரு கோடு போட்டு டிரெண்ட் சொல்றவங்க 1979க்கு முன்னாடி பாதியை தனியா வச்சுப் பாருங்கனு கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

நல்லது எதுன்னா வெப்பநிலை, கடல் மட்ட அழுத்தம், மேல்மட்டக் காத்து. இதுல எரா5 அபாரம். உயரத்தை இதுல காத்தழுத்தத்தை வச்சுச் சொல்றாங்க, மேல போகப் போக அழுத்தம் குறையும், 1000 ஹெக்டோபாஸ்கல்ல (அழுத்தத்தோட அளவு) இருந்து 1 வரைக்கும் 37 மட்டத்துல காத்து இருக்கு, அக்டோபர் மாசம் 850 மட்டத்துக் காத்தை, அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காத்தை, நாள் நாளா வரைஞ்சு பாத்தா மேக்கத்திக் காத்து அடங்கி கிழக்குல இருந்து திரும்புறது, வடகிழக்குப் பருவமழை எப்படி உள்ள வருதுன்னு கண்ணு முன்னாடி தெரியும். புயல் போன பாதையும் நல்லா வரும், ஆனா மையத்து அழுத்தமும் காத்து வேகமும் நிஜத்தை விட வலுக் குறைவா இருக்கும், மாடல் பூமியை சுமார் 31 கிலோமீட்டர் கட்டம் கட்டமா பிரிச்சுத்தான் கணக்குப் போடுது, அதுக்குள்ள புயலோட கண் சுவர், அதாவது மையத்தைச் சுத்தி இருக்குற பலமான காத்து வளையம், அடங்காதில்ல. அதே காரணத்தால ஆரல்வாய்மொழி கணவாய் மாதிரி குறுகலான இடத்துல பாய்ற காத்தையும் இது முழுசா பாக்காது. 100 மீட்டர் உயரத்துக் காத்து தனியா கொடுத்திருக்காங்க, காத்தாலை ஆளுங்களுக்கு ரொம்ப உபயோகம், ஆனா முப்பந்தல்ல ஆலை வைக்கிறதுக்கு இதை மட்டும் வச்சு கணக்குப் போடக்கூடாது.

மலைக்கும் இதே கதைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல, மேட்டுப்பாளையம் 300 சொச்சம் மீட்டர்ல, நேர்கோட்டுல ரெண்டுக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் தான், எரா5 கணக்குல அது ஒரு கட்டம் தூரம். மாடலுக்குள்ள நீலகிரி தேய்ச்சு விட்ட மாதிரி தட்டையாதான் இருக்கும், அதனால ஊட்டிக்கு எடுக்குற வெப்பநிலை நிஜத்தை விட சூடா வரும். இதைச் சரி பண்ண வழி இருக்கு. ஜியோபொடென்ஷியல்னு ஒரு ஃபைல் கொடுக்குறாங்க, அதை 9.80665ஆல வகுத்தா மாடல் அந்தக் கட்டத்தை எவ்வளவு உயரம்னு நெனச்சிருக்குன்னு மீட்டர்ல வந்துடும், நிஜ உயரத்துக்கும் அதுக்கும் இருக்குற வித்தியாசத்துக்கு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரினு கழிச்சா ஓரளவு பக்கத்துல வந்துடும்.

இப்ப மழை. இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, இதுலதான் எரா5க்கு நான் கம்மி மார்க் போடுவேன். வெப்பநிலைக்கு அஞ்சுக்கு நாலரைனா மழைக்கு அஞ்சுக்கு மூணு. ஏன்னா இந்த மழை மாடல் கணிச்ச மழை, நம்ம ஊர் மழைமானி எதுவும் இதுக்குள்ள போகல. 2015 டிசம்பர் 1ம் தேதி காலைல இருந்து 2ம் தேதி காலை எட்டரை வரைக்கும் தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துல 47. நம்ம டவுன்லோட் பண்ற எரா5 கட்டம் கால் டிகிரி, சென்னைப் பக்கம் ஒரு பக்கம் சுமார் 27 கிலோமீட்டர், ஒரு கட்டம் கிட்டத்தட்ட 750 சதுர கிலோமீட்டர், அவ்வளவு பரப்புக்கும் சேத்து ஒரே ஒரு நம்பர் கொடுக்குது, தாம்பரத்து 49 அதுல எப்படி நிக்கும்? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி உச்சத்தை எல்லாம் இதுல தேடவே கூடாது. மழை எந்த நாள், எந்தப் பக்கம், எந்தக் காத்தால வந்துச்சு, அதுக்குத் தேவையான ஈரம் எங்க இருந்து வந்துச்சு, இதுக்கெல்லாம் எரா5 எடுங்க. எத்தனை சென்டிமீட்டர்ங்குறதுக்கு இந்திய வானிலைத் துறை 1901ல இருந்து கொடுக்குற கால் டிகிரி தினசரி மழை டேட்டாவை எடுங்க, அது மழைமானிகளை வச்சுப் பண்ணது, அதுவும் இலவசம். இன்னும் நுணுக்கமா கட்டம் வேணும்னா சாட்டிலைட்டையும் மழைமானியையும் சேத்துப் பண்ண சிர்ப்ஸ்ங்குற மழை டேட்டா இருக்கு, 0.05 டிகிரி, 1981ல இருந்து. அரை மணிக்கு ஒரு தடவை வேணும்னா நாசாவோட சாட்டிலைட் மழை டேட்டா ஐமெர்க்.

மழையை எரா5ல எடுத்தே ஆகணும்னா நேரத்தைப் பாத்துக்கங்க, தப்பு நடக்குறதே பெரும்பாலும் இங்கதான். எல்லாம் யூடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நம்ம ஊர்ல மழை நாள்ங்குறது காலை எட்டரைல இருந்து மறுநாள் காலை எட்டரை, அது யூடிசில 3 மணி. எரா5ல ஒவ்வொரு நேர முத்திரையும் அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்து மழை. அப்ப டிசம்பர் 2ம் தேதி காலை பதிவான மழையோட ஒப்பிடணும்னா 1ம் தேதி 04 மணில இருந்து 2ம் தேதி 03 மணி வரைக்கும் இருக்குற 24 நம்பரைக் கூட்டணும். 00ல இருந்து 23 வரைக்கும் கூட்டிட்டு, ஸ்டேஷன் டேட்டாவோட ஒத்துப்போகலையேனு எரா5ஐத் திட்டுறது நியாயம் இல்ல.

எரா5 லேண்ட்னு ஒரு தம்பி இருக்கு, நிலப்பரப்புக்கு மட்டும், 9 கிலோமீட்டர், 1950ல இருந்து. மண் ஈரம், ஆவியாதல் வேணும்ங்குற விவசாய ஆளுங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனா அதுல மழை வேற மாதிரி, யூடிசி நள்ளிரவுல இருந்து கூட்டிக்கிட்டே போகும், மறுநாள் 00 மணில இருக்குற நம்பர்தான் முந்தின நாளோட மொத்தம். நம்ம எட்டரை மணி நாள் வேணும்னா 2ம் தேதி 00 மணி நம்பர்ல இருந்து 1ம் தேதி 03 மணி நம்பரைக் கழிச்சு, அதோட 2ம் தேதி 03 மணி நம்பரைச் சேக்கணும். அப்புறம் இதோட மழை எரா5 மழையே தான், கட்டம் சின்னதா இருக்குங்குறதுக்காக மழை துல்லியமாயிடாது. யூனிட்டும் பாத்துக்கங்க, மழை மீட்டர்ல வரும், வெப்பநிலை கெல்வின்ல.

எடுக்குற இடம் க்ளைமேட் டேட்டா ஸ்டோர். 2024 செப்டம்பர்ல இதைப் புதுசா மாத்திட்டாங்க, அதனால பழைய யூடியூப் வீடியோவைப் பாத்து பைத்தான் கோட் போடுறவங்களுக்கு சாவி ஃபைல் (நம்ம அக்கவுண்ட்டோட ரகசியக் குறியீடு இருக்குற ஃபைல்) எழுதுற முறைலயே எரர் வரும், அதைத் தாண்டுனா நெட்சிடிஎஃப்ங்குற டேட்டா ஃபைல்ல நேரத்தோட பேர் மாறியிருக்கும், பழைய கோட் அதுலயும் நிக்கும். டேட்டா பக்கத்துல கீழ போய் லைசென்ஸை ஒரு தடவை ஏத்துக்கிட்டாதான் டவுன்லோடே ஆரம்பிக்கும். கேட்ட உடனே கிடைக்காது, வரிசைல நிக்கணும், உலகமே அங்கதான் நிக்குது, அதுல எனக்கு மனக்குறை இல்ல. நம்ம கைல இருக்குறது கேக்குறதை சின்னதா கேக்குறது. உலகம் முழுக்கன்னா ஒரு மணி நேரத்துக்கு 1440க்கு 721, பத்து லட்சத்துக்கு மேல புள்ளி. தமிழ்நாட்டுக்கு வடக்கு 13.75, மேற்கு 76, தெற்கு 8, கிழக்கு 80.5னு எல்லை கொடுத்தா 456 புள்ளி தான். அந்த வரிசை முக்கியம், வடக்கு மேற்கு தெற்கு கிழக்கு. மாசம் மாசமா பிரிச்சுக் கேளுங்க.

கோட் எல்லாம் வேணாம், ஒரு ஊருக்கு மட்டும் பாக்கணும்ங்குறவங்க ஓப்பன் மீட்டியோல போனா அங்க எரா5 நம்பரையே ஊர் வாரியா எடுக்கலாம், வியாபாரத்துக்கு இல்லாத வேலைக்கு இலவசம். கூகுள் எர்த் எஞ்சின்லயும் எரா5 லேண்ட் இருக்கு, ஆனா அங்க தினசரினு போட்டிருக்குறது யூடிசி நாள்.

கடைசி மூணு மாசத்து டேட்டா முதல் கட்டப் பதிப்பு, ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் இறுதியாகும், பேப்பர் எழுதுறவங்க அப்ப ஒரு தடவை திரும்ப எடுத்துக்கங்க. லைசென்ஸ் 2025 ஜூலைல இருந்து சிசி பை 4.0, இதை வச்சு மொபைல் ஆப் செஞ்சு விக்கலாம், பாடத்துல சேக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம், காப்பர்நிக்கஸ் க்ளைமேட் சேஞ்ச் சர்வீஸ் டேட்டானு பேரும் எடுத்த வருஷமும் படத்துக்குக் கீழ போட்டுடணும், மாத்தி அமைச்சிருந்தா அதையும் சொல்லணும்.