ஏழு ஆண்டுகள், மூன்று குரோனோகிராப்கள்: ஒரு கொழும்புச் சுடுநரின் அனுபவம்

சன்னத்தின் வேகத்தை அளக்கும் கருவியொன்று எனக்குத் தேவைப்படும் என்று 2018ஆம் ஆண்டுவரை நான் எண்ணியதில்லை. கழகத்தின் 50 மீற்றர் தளத்தில் படுத்த நிலையில் .22 ரைபிளால் சுடும்போது, என் துளைகள் பக்கவாட்டில் ஒழுங்காக இருந்தும், மேலும் கீழுமாக ஒரு கோடுபோல நீண்டு கிடந்தன. மூச்சை நிறுத்தும் விதத்தில் பிழை என்றார் பயிற்றுநர். ரவையில் பிழை என்றேன் நான். இருவரில் யார் சரி என்பதைத் தீர்ப்பதற்காகத்தான் முதலாவது குரோனோகிராப்பை வாங்கினேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. செக்கனுக்கு 325 மீற்றர் வேகத்தில் புறப்படும் 2.6 கிராம் ஈயச் சன்னம் 50 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.16 செக்கன் எடுக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதனை 12 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாகக் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் 10 மீற்றர் குறைந்தால் அந்த இறக்கம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் கூடும். இலக்குத் தாளில் அடுத்தடுத்த இரு வளையங்களுக்கு இடையிலுள்ள தூரமும் அதே 8 மில்லிமீற்றர்தான் என்பதால், ரவைக்கு ரவை வேகம் பத்து மீற்றர் மாறினால் ஒரு முழுப் புள்ளி போய்விடும்.

முதலில் வாங்கியது ஒளி உணரிகளைக் கொண்டு இயங்கும் மலிவான வகை. முப்பது சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு உணரிகள் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். சன்னத்தின் நிழல் முதலாவதைக் கடக்கும்போது கடிகாரம் தொடங்கி, இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். நான் சொன்ன வேகத்தில் அந்த இடைவெளியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது. கடிகாரம் அதை எளிதாக அளந்துவிடுகிறது; சிக்கல் தருவது ஒளிதான். உணரி நிழலைக் காணும் இடம் 3 மில்லிமீற்றர் முன்பின்னாக நகர்ந்தாலே வாசிப்பு நூற்றுக்கு ஒன்று பிழைக்கும். அதாவது செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேல். நான் தேடிய வித்தியாசங்களே அந்த அளவில்தான் இருந்தன.

கொழும்பின் வானத்தில் இந்தக் கருவியுடன் பழகுவதற்குப் பொறுமை வேண்டும். மெல்லிய மேகம் ஒரே சீராக மூடிய காலைப் பொழுதில் அது தங்கம்போல வேலை செய்யும். ஏப்ரல் முதல் வாரங்களில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும்போது, உணரிகளுக்கு மேலுள்ள வெள்ளைத் தடுப்புகள் இல்லாமல் பாதிச் சூடுகள் பதிவாகவே மாட்டா. பின்னேரம் இடிமழைக்கு முன் மேகங்கள் வெயிலை மறைத்தும் திறந்தும் விளையாடும்போது, ஒரே பெட்டி ரவையில் 310 என்றும் 345 என்றும் மாறிமாறிக் காட்டும். அந்த எண்களை நம்பி ஒரு ரவை வகையையே நான் சில மாதங்கள் ஒதுக்கி வைத்திருந்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்ல வேண்டும்.

கூரைக்குள் போனால் வேறொரு தொல்லை. எமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய ரியூப் விளக்குகள் செக்கனுக்கு நூறு தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கத்தை உணரி ஒரு சன்னமாகவே எடுத்துக்கொள்ளும். 10 மீற்றர் காற்று ரைபிள் கூடத்தில் நாங்கள் அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, இழை எரியும் பழைய மின்குமிழ்கள் இரண்டை உணரிகளுக்கு மேலே தொங்கவிட்ட பின்னர்தான் வாசிப்புகள் நிலைத்தன.

தடுப்புகளைத் தாங்கும் கம்பியொன்றை நானே சுட்டு முறித்ததும் உண்டு. இக்கருவியை வைத்திருப்பவர்களில் அதைச் செய்யாதவர் குறைவு. இரும்புக் கம்பியில் படும் சன்னம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கம்பிகளை எடுத்துவிட்டு, தென்னோலை ஈர்க்குகளை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டிச் செருகிவிட்டேன். முறிந்தால் விளக்குமாற்றில் இன்னும் இருக்கிறது.

இந்த வகையின் உண்மையான குறை வேறு. பெட்டியைக் குழல்வாய்க்கு முன்னே மூன்று மீற்றர் அளவில் வைக்க வேண்டும். பொதுத் தளத்தில் அதன் பொருள், வரிசையிலுள்ள எல்லோரும் சூட்டை நிறுத்தித் துப்பாக்கிகளை வெறுமையாக்கிவிட்டுக் காத்திருக்க, நான் முன்னே நடந்து போய் முக்காலியைச் சரிசெய்வது. ஐந்து பாகை சரிந்திருந்தாலே வாசிப்பு ஒரு மீற்றருக்கு மேல் குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு தடவையோடு அது முடிவதில்லை. மூன்றாவது தடவை கையை உயர்த்தும்போது பக்கத்து மேடையில் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கத் துணிவு வராது.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் இன்னொன்றும் சேர்ந்தது. வயர்களும் கம்பிகளும் பற்றறியும் கொண்ட பெட்டியொன்றை வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் எடுத்துச் செல்பவர், சோதனைச் சாவடியில் அது என்னவென்று மூன்று மொழிகளிலும் விளக்கத் தயாராக இருக்க வேண்டும். கழகத்தின் கடிதமும் கருவியின் பற்றுச்சீட்டும் அன்றிலிருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

சன்னத்தின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் என்பதை அந்த நாட்களில்தான் அறிந்தேன். தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணிக்கும் முறையை அவர் 1742இல் வெளியிட்டார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராக வந்து, 1751இல் கடலூருக்கு அருகே புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். எங்கள் துறையின் முன்னோடி ஒருவர் தமிழ் மண்ணில் அடங்கியிருக்கிறார் என்று கழகத்தில் சொன்னபோது, ஊசற்கட்டைக்கு வெயிலும் மேகமும் பொருட்டில்லையே என்று ஒருவர் பெருமூச்சு விட்டார்.

2021இல் நண்பர் ஒருவரிடமிருந்து காந்தப்புல வகையை வாங்கினேன். துப்பாக்கி முனையில் பூட்டும் கத்தியைப் போலக் குழலின் கீழே வாரால் கட்டப்படும் இதற்கு ஒளி தேவையில்லை, முன்னே நடக்கவும் தேவையில்லை. வாசிப்புகள் ஒளிக்கருவியினதைவிட மிகவும் நெருக்கமாக இருந்தன. ஆனால் குழலில் பாரம் தொங்கும்போது அது அதிரும் விதம் மாறுவதால் சன்னம் வேறிடத்தில் படுகிறது. எனது ரைபிளில் இரண்டு வளையங்கள் கீழே. வேகத்தை மட்டும் அறிய விரும்புபவருக்கு இது குறையே அல்ல. எனக்கோ அந்த வேகம் எந்தத் துளைக்கு உரியது என்றும் தெரிய வேண்டியிருந்தது. ஓராண்டில் விற்றுவிட்டேன்.

டொப்ளர் ராடார் வகை பல ஆண்டுகளாகவே இருந்தாலும், சாப்பாட்டுத் தட்டு அளவிலான பழைய வடிவங்களை எமது தளத்தில் வைக்க இடமில்லை. 2023இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் செரோ சி1 புரோவை ஏறத்தாழ 600 அமெரிக்க டொலருக்கு வெளியிட்ட பிறகுதான் சிறிய ராடார்கள் எங்களைப் போன்றவர்களின் பேச்சில் வந்தன. 2024இல் மைத்துனர் கனடாவிலிருந்து வந்தபோது அத்தகைய சிறிய ராடார் ஒன்றைக் கொண்டுவந்தார். வானலை வெளியிடும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. எனவே வாங்குவதற்கு முன்பே அங்கு விசாரித்துக்கொள்வது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கத்தாருக்கு முன் நின்று யோசிப்பதைவிட நல்லது.

இதன் தத்துவம் எளியது. 24 ஜிகாஹெர்ட்ஸ் அலை, செக்கனுக்கு 325 மீற்றர் வேகத்தில் விலகிச் செல்லும் சன்னத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் ஏறத்தாழ 52,000 ஹெர்ட்ஸ் மாறியிருக்கும். கருவி அந்த மாற்றத்திலிருந்து சன்னத்தின் வேகத்தைக் கணிக்கிறது. ரைபிளுக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவு இடத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மழை இருட்டிலும் வாசிக்கும். பக்கத்து மேடைக்காரரின் சூட்டைச் சிலவேளை என் கணக்கில் எழுதிவிடும். காற்று ரைபிளின் 4.5 மில்லிமீற்றர் சன்னத்தை இருபதில் ஒன்று தவறவிடும். ஒளிக்கருவியையும் இதையும் ஒரே வரிசையில் வைத்துச் சோதித்தபோது முன்னையது எப்போதும் 3 மீற்றர் அளவு குறைத்தே காட்டியது. அதில் ஒரு பகுதி, அது மூன்று மீற்றர் தள்ளி அளப்பதனால் வருவது. மாறாமல் நிற்கும் அத்தகைய வித்தியாசத்துக்காக நான் கவலைப்படுவதில்லை. எனக்கு வேண்டியது சூட்டுக்குச் சூடு ஏற்படும் சிதறல்.

சிதறலைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. ஐந்து சூடு சுட்டுவிட்டு நியம விலகல் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 3 என்று சொல்பவரை நான் இப்போது கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். ஐந்து சூட்டில் 3 என்று வந்தால் உண்மையான பெறுமதி 2ஆகவும் இருக்கலாம், 8ஐத் தாண்டியும் இருக்கலாம். பத்துச் சூட்டில் அந்த வீச்சு ஏறத்தாழ 2இலிருந்து 5.5வரை சுருங்கும். ரவையின் விலை தெரிந்தவருக்கு இது கசப்பான கணக்கு. ஆனால் எந்தக் குரோனோகிராப்பும் இதை மாற்றித் தரப்போவதில்லை.

ஒளிக்கருவியை நான் விற்கவில்லை. காற்று ரைபிள் கூடத்தில் விளக்கு எங்கள் கையில் இருப்பதாலும் முன்னே நடக்க யாரும் தடையில்லாததாலும் அங்கே அது போதும். சற்று நேரம் சும்மா வைத்த ரைபிளின் முதற்சூடு மற்றவற்றைவிட வேகமாகப் போவதைக் காட்டி, அமுக்கச் சீராக்கியில் காற்று மெல்லக் கசிவதை முதலில் அறிவித்ததும் அதுதான். .22க்கு, பொதுத் தளத்தில், பணம் இருந்தால் ராடார். இல்லாவிட்டால் வைத்திருப்பவரிடம் ஒரு காலைக்கு இரவல் கேட்பது மேல்.

பழைய வழக்குக்கும் கடந்த ஆண்டு தீர்ப்பு வந்தது. மூன்றில் ஒளியையும் நம்பாமல் குழலையும் தொடாமல் அளக்கும் கருவி ராடார் மட்டுமே என்பதால், நாற்பது சூடு சுட்டு, ஒவ்வொன்றையும் தொலைநோக்கியில் பார்த்துத் துளைக்கு இலக்கமிட்டு, பக்கத்தில் அதன் வேகத்தை எழுதினேன். மிகத் தாழ விழுந்த ஆறில் இரண்டே இரண்டுதான் மெதுவான ரவைகள். மற்ற நான்கும் சராசரிக்கு மேலே. தாளைப் பயிற்றுநரிடம் கொடுத்தேன். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு எல்லா எண்களையும் வாசித்து முடித்த பிறகு, “தம்பி, பாதி மூச்சை விட்டிட்டு நிப்பாட்டுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான்” என்றார்.