கும்பகோணத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடை

என் மகளுடன் பணிபுரியும் நெதர்லாந்துத் தம்பதியர் சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஐந்து நாள் தங்கியிருந்தபோது, மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள வாடகை சைக்கிள் கடையொன்றில் வண்டிக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் இரண்டு சைக்கிள்கள் எடுத்துக் கொடுத்தேன். மக்கள்தொகையைவிட சைக்கிள்கள் அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு கியர் இல்லாத வண்டி பிடிக்குமா என்று தயங்கினேன். அவர்கள் நாட்டைப் போலவே சமதரையாக, வழியெங்கும் வாய்க்கால் ஓடும் காவிரிப் படுகையில் கியருக்கு வேலையே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பது வண்டிக்காக மட்டும் அன்று. துணைக்கு ஓர் ஆளை அனுப்பும்படி கேட்டபோது கடைக்காரர் மறுத்துவிட்டார். "கூட ஆள் போனா ஊர்க்காரங்க அவன்கிட்டதான் பேசுவாங்க சார், இவங்ககிட்ட பேச மாட்டாங்க" என்றார். அதற்குப் பதிலாக அவர்களுடைய பெயர், நாடு, போக வேண்டிய ஊர், என் கைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, பேருந்து பறக்கும் சாலையை விட்டு வாய்க்கால் கரை வழியாகத் தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் வழி சொன்னார். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இருந்ததைவிட அதிக நேரம் அவர்கள் காபிக் கடை பெஞ்சில் இருந்தார்கள் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

சுவாமிமலையில் தண்ணீர் கேட்டு, உலோகச் சிலை வார்க்கும் ஒரு சிற்பப் பட்டறை வாசலில் இறங்கியவர்களை அங்கிருந்த பெரியவர் உள்ளே அழைத்து உட்காரவைத்திருக்கிறார். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், மார்பு, இடை என்று அளவு பிரிப்பதையும், மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதையும் பேச்சில்லாமலே செய்து காட்டியிருக்கிறார். மடிப்புத் தடம் மாறாத அந்த ஓலைத் துண்டை அந்தப் பெண்மணி கைக்குட்டையில் சுற்றி ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்.

குறைகளும் உண்டு. உயரமானவர்களுக்கு இருக்கை போதிய அளவு ஏறுவதில்லை. பின்சக்கர டயர் தேய்ந்திருந்ததால், நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்குப் போகும் வழியில் பஞ்சராகிவிட்டது. சாலையோரக் கடையில் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கியதும் குமிழ் வந்த இடத்தைக் கணவர் முந்திக்கொண்டு விரலால் அழுத்தினாராம். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள், எதிர்வீட்டிலிருந்து மோர் வந்திருக்கிறது. அப்படியே ஆனாலும் டயரை மாற்றாமல் வண்டியை வெளியே விட்டது தவறுதான். கடைக்காரரிடம் அதைச் சொன்னேன், மறுநாளே மாற்றிவிட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைவழி சேறாகிவிடும் என்பதால் அப்போது எடுக்க வேண்டாம். சம்பா அறுவடையாகும் தை, மாசியில் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், அங்கே மணியடிக்காமல் இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால், நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருப்பவர்களே "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள்.