ஹாட்யாய் போகிற மாணவர்களே, திரும்பும் டிக்கெட்டுக்கு இவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

நேற்று விடிகாலை நான்கு மணிக்குத்தான் அறைக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. பேஸ்புக்கில் மலிவுப் பயணம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்ற ஒருவரிடம் ஏமாந்து 660 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. அதில் என் பங்கு 165தான். மீதி 495 வெள்ளி என்னை நம்பி மூன்று தோழிகள் கொடுத்தது. இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் நால்வரும் கோலாலம்பூரில் படிக்கிறோம். திங்கட்கிழமை பொது விடுமுறை வந்ததால் தென் தாய்லாந்தில் இருக்கிற ஹாட்யாய் நகருக்கு மூன்று நாளில் ரயிலிலேயே போய்வரலாம் என்று இரண்டு மாதமாகக் காசு சேர்த்தோம். தலைக்கு 400 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. முடியாத காரியமும் இல்லை. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் ஐந்தரை மணி நேரம் போல ஆகும், எல்லையில் இருக்கிற பாடாங் பெசார் வந்துவிடும். மலேசியா, தாய்லாந்து இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்கிறது. அங்கிருந்து ஹாட்யாய்க்கு தாய்லாந்து ரயில், ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட் பத்து வெள்ளிகூட ஆகாது.

போகும் டிக்கெட்டை நானே ரயில்வே செயலியில் எடுத்தேன். திங்கட்கிழமை திரும்பி வரத்தான் ஒரு இருக்கைகூட இல்லை. தினமும் இரவு செயலியைத் திறந்து பார்ப்பேன். அந்தச் சமயத்தில்தான் பேஸ்புக்கில் மாணவர்களுக்கு மலிவுப் பயணம் ஏற்பாடு செய்து தருகிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெயரைப் போட்டுப் பயனில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். திரும்பும் இடிஎஸ் டிக்கெட், ஹாட்யாய் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு இரவுக்கு அறை, தாய்லாந்து நுழைவு அட்டைப் பதிவு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 165 வெள்ளி.

உடனே கட்டிவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். "அண்ணே, செயலியிலேயே டிக்கெட் இல்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்றும் கேட்டேன். அதற்கு அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் எழுத்தில் பதில் போடவில்லை, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நல்ல தமிழ், நம் வீட்டுப் பெரியவர் பேசுகிற மாதிரி. "தங்கச்சி, நாங்க முன்னாடியே குரூப்பா எடுத்து வச்சிருவோம்மா. படிக்கிற நம்ம பிள்ளைங்ககிட்ட ஏமாத்திச் சாப்பிடணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" பின்னணியில் ஒரு குழந்தை அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். வேறு மொழியில் இதையே யாராவது சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

கணக்கு எண் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டேன். "கம்பெனி கணக்குல லிமிட் முடிஞ்சிருச்சு, இது வீட்டுக்காரங்க கணக்கும்மா" என்றார். 660 வெள்ளியையும் ஒரே தவணையில் அனுப்பினேன். நாலு பேருடைய பாஸ்போர்ட் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் டிக்கெட் வந்தது. எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பெட்டி எண், இருக்கை எண், கியூஆர் குறியீடு எல்லாம் இருந்தன.

பாடாங் பெசாரில் முதல் அடி. தாய்லாந்துப் பக்கம் எங்கள் நுழைவு அட்டையைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பதிவே இல்லை என்று வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். 2025 மே 1 முதல் அந்த டிஜிட்டல் அட்டை கட்டாயம். ஆனால் அதற்குக் கட்டணமே கிடையாது! அங்கேயே ஓரமாக நின்று போனில் நாங்களே நிரப்பினோம், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்குப் போய் அந்த 165இல் தலைக்கு 20 வெள்ளி வாங்கியிருக்கிறார். மெசேஜ் போட்டேன். "சிஸ்டம் பிரச்சினைம்மா, நீங்க போங்க, மத்ததெல்லாம் பக்கா." நானும் நம்பினேன்.

ஹோட்டலில் வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாக நாலு பெயரையும் தேடினாள். பிறகு திரையையே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். எங்கள் பெயர் எதிலும் இல்லை. மலேசியாவில் நீண்ட விடுமுறை என்றால் ஹாட்யாயில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு கிம் யோங் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏறி இறங்கினோம். இரவு ஒன்பதுக்கு ஒரு அறை கிடைத்தது, ஒரு நாளைக்கு 1,500 பாட். இரண்டு பேர் கட்டிலில், இரண்டு பேர் தரையில்.

அன்றிரவிலிருந்து அவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். முதலில் "ஹோட்டல்காரன் பொய் சொல்றான்". அப்புறம் "பாஸ் வெளியூர்ல இருக்காரு, திங்கள் பேசுறேன்". அப்புறம் "ரீஃபண்ட் 14 வேலை நாள் ஆகும்". நான் போலீஸ் என்றதும், "இப்படிப் பேசினா உதவி பண்ண மாட்டேன் தங்கச்சி" என்று என்னையே குற்றவாளி ஆக்கினார். ஞாயிறு மதியம் பிளாக். அன்று மாலை கிளோங் ஹே மிதக்கும் சந்தைக்குப் போனோம். ஆசைப்பட்டுப் போன இடம், ஒன்றும் வாங்கவில்லை. கையிலிருந்த பாட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தியின் அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்து அனுப்பிய காசு அது.

திரும்பும் டிக்கெட்டும் போலி என்று அதற்குள் புரிந்துவிட்டது. இருந்தாலும் பாடாங் பெசார் கவுண்டரில் காட்டினோம். அங்கே இருந்தவர் ஒரு பார்வை பார்த்து இல்லை என்று தலையாட்டினார், அவ்வளவுதான். முன்பதிவு தேவையில்லாத கொமுட்டர் ரயில் பட்டர்வொர்த் வரைக்கும் ஓடுவது நல்லதாகப் போயிற்று. அதைப் பிடித்து, பட்டர்வொர்த்தில் பல மணி நேரம் காத்திருந்து, இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் வந்தோம். 660 வெள்ளி போனதோடு அறைக்கும் பஸ்ஸுக்கும் மறுபடி செலவு.

நேற்றே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன், போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. பணம் அனுப்பி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணக்கில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தெரியவில்லை. 495 வெள்ளியை நான்தான் தோழிகளுக்குத் திருப்பித் தர வேண்டும், மாதம் நூறாகத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாலு பாஸ்போர்ட் படங்களை அவர் என்ன செய்வார் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் வருவதற்கு முன்னால், போகும் டிக்கெட்டை எடுக்காதீர்கள். தாய்லாந்து நுழைவு அட்டைக்கு யாருக்கும் ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். தனி ஆள் பெயரில் கணக்கு கொடுத்தால் அந்த எண்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 997. என்னைப் போல ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள்.

பெயர் ஏன் போடவில்லை என்றால், இன்று காலை அந்தப் பக்கத்தைத் தேடினேன், காணோம். வேறு பெயரில் அதே படங்கள், அதே 165 வெள்ளி. "அடுத்த நீண்ட விடுமுறைக்கு மாணவர் சலுகை, எட்டு இடம் மட்டும்." கீழே இரண்டு பிள்ளைகள் விலை கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.